நான்தான் சமைக்கிறேன்

நவம்பர் 6

வக்கீலம்மா சொன்னதற்காக இதை ஆரம்பிக்கிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆளெல்லாம் நான் இல்லை. சமையல்காரனுக்கு எதற்கு டைரி?

எழுதுகிறேன் என்றும் சொல்ல முடியாது. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. சங்கரன்கோவில் பேச்சில் பேசினால் கன்னாபின்னாவென்று எழுதுகிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிதானமாகப் பேசினால் ஒழுங்காக வருகிறது. அதனால் என் வீட்டில் நான் ஒருத்தனாக உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் ஆவுடையப்பன். கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னிந்திய ஹோட்டலில் பதின்மூன்று வருஷம் தலைமைச் சமையல். நாலு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் நரம்பு அழுந்தி இரண்டு கையும் மரத்துப் போயின. ஆபரேஷன் செய்தார்கள். வலி பாதி போயிற்று, விரல்கள் திரும்பி வரவில்லை. இனி வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவித்தொகை ஒன்று இருக்கிறது. அதற்காக இத்தனை வருஷமும் என் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். மனுப் போட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை. அந்த உதவித்தொகை அலுவலகத்தின் நீதிபதி முன்னால் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவரும் இல்லை என்றார். டிக்கெட் கிழிக்கிற வேலை, பொட்டலத்தில் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை இதெல்லாம் என்னால் முடியுமாம். மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்க வேண்டுமாம். நல்ல கூத்து.

இப்போது பெடரல் கோர்ட்டில் அப்பீல். வக்கீல் பெயர் கெல்லர். ஜெயித்தால்தான் பீஸ் வாங்குவார். எது முடிகிறது, எது முடியவில்லை என்று தினமும் குறித்து வையுங்கள் என்று இன்றைக்குச் சொன்னார். கோர்ட் இதைப் படிக்குமா என்று கேட்டேன். படிக்காதாம். ஏற்கெனவே பதிவாகியிருக்கிற காகிதங்களைத் தவிர வேறு எதையும் அந்தக் கோர்ட் தொடாதாம். கேஸைத் திருப்பி அனுப்பி மறுபடி விசாரிக்கச் சொன்னால் அப்போது இது உதவுமாம். அதாவது, யாரும் படிக்காததை யாராவது படிக்கலாம் என்ற நம்பிக்கையில் எழுத வேண்டும்.

வடிவு நேற்று டாலஸ் போய்விட்டாள். மகள் கோமதிக்குப் பிரசவம், அதுவும் இரட்டை. அம்மா போகாமல் யார் போவது? மூன்று மாதம் என்று பேச்சு. வாசலில் நின்றுகொண்டு போகவா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கென்ன, நான் ராஜா மாதிரி இருப்பேன், நீ கிளம்பு என்று அதட்டி அனுப்பினேன்.

இந்தப் பணம் வந்தால் வாடகையைக் கொடுத்துக்கொண்டு நானும் அவளும் இந்த வீட்டிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். மாப்பிள்ளை தங்கமான பையன். அதற்காக அவன் வீட்டில் போய்ச் சோற்றுக்குக் காத்திருப்பதா?

நவம்பர் 7

காபி போட்டேன். முடிந்தது. பால் கொஞ்சம் சிந்திவிட்டது. டம்ளரும்.

நவம்பர் 10

திங்கட்கிழமை ஹோட்டலுக்கு லீவு. ஜெயசீலன் வந்தான். என்னிடம் தோசைக்கல்லில் வேலை பழகியவன், நாசரேத்துக்காரன், இப்போது என் இடத்தில் அவன்தான் மாஸ்டர். சாம்பார், கூட்டு, வத்தக்குழம்பு என்று டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து பிரிட்ஜில் அடுக்கினான். அண்ணாச்சி, வாரம் பூரா கவலையில்லை என்றான். சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும், மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரியும் என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

ராத்திரிக்குப் பிரெட். எனக்கு இந்த ஊர் பிரெட் பிடிக்கும்.

நவம்பர் 19

இன்றைக்கு மூன்று தடவை குளித்தேன். இந்தக் குளிரில் யாராவது மூன்று தடவை குளிப்பார்களா என்றால், நான் குளிப்பேன்.

வடிவு தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, வெந்நீர் ரொம்பச் சூடாக விட்டுவிடாதீர்கள், கையில் சூடு தெரியாது என்று ஒரே பாட்டு. எல்லாவற்றுக்கும் ஆச்சு ஆச்சு என்கிறேன். இன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அது எப்படி என்று கேட்டாள். எது என்றேன். அதுதான் என்றாள். பாத்துக்கிடுதேன், போனை வை என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்திருப்பான். அறிவில்லாதவள்.

இப்போதெல்லாம் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். பசிப்பதில்லை. வயசாகிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 3

உதவித்தொகை அலுவலகத்தார் பழைய காகிதங்களையெல்லாம் கட்டிக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த நீதிபதி முன்னால் சொன்னது முழுக்க அதில் இருக்கிறது. கெல்லர் போனில் படித்துக் காட்டினார். சமைப்பீர்களா என்று அந்த நீதிபதி கேட்டிருக்கிறார். தினமும் சமைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னவெல்லாம் என்று கேட்டிருக்கிறார். எல்லாம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று சொல்லியிருக்கிறேன். அதை வைத்துத்தான் என்னை ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளினாராம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கெல்லர் கேட்டார். உண்மையைத்தானே சொன்னேன் என்றேன்.

இதை இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? எங்கள் பக்கம் கல்யாணத்துக்குச் சமைக்கிறவரைத் தவசுப்பிள்ளை என்போம். என் அப்பா தவசுப்பிள்ளை. ஆயிரம் இலை போட்டு எழுந்த பிறகு, இன்றைக்குச் சமையல் யார் என்று கேட்டால் அப்பா பெயரைத்தான் சொல்வார்கள். தேங்காய் துருவியவன், அரிசி களைந்தவள், அண்டாவில் கம்பு கொடுத்து இறக்கிய நாலு பேர், இவர்கள் பெயரை எவன் கேட்டான்? அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவார், உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். அது அவர் சமையல்தான். ஹோட்டலிலும் அப்படித்தான். வீட்டிலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் சொல்வேன், வடிவு போடுவாள். உப்பு எப்போது, புளி எப்போது, இறக்குவது எப்போது, எல்லாம் நான். அப்படியென்றால் யார் சமைக்கிறார்கள்? நான்தான் சமைக்கிறேன். இதில் பொய் எங்கே வந்தது?

பாத்திரத்தை யார் தூக்குவார்கள் என்று கேட்டார் கெல்லர். வடிவு இருக்கும்போது நான் எதற்குத் தூக்க வேண்டும்? உடை உடுத்துவேன் என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். ஆமாம், அம்மணமாகவா திரிகிறேன் என்றேன். பட்டன் யார் போடுவார்கள் என்றார். வடிவு பெயரில் ஒரு பாரம் இருக்கிறதே, அதிலும் இதே பதில்கள் இருக்கின்றனவே என்றார். நான் சொல்லச் சொல்லக் கோமதி நிரப்பினாள், வடிவு கையெழுத்துப் போட்டாள் என்றேன்.

அப்படியானால் உங்களுக்கு உதவி செய்ய ஒருவர் இருக்கிறார் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"உதவின்னு யாரும் இல்லையே. அவ என் பொண்டாட்டி" என்றேன். என் இங்கிலீஷில் அப்படித்தான் சொல்ல வந்தது.

டிசம்பர் 16

பிறந்துவிட்டன. ஒன்று ஆண், ஒன்று பெண். நாள் முந்திப் பிறந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கோமதி நன்றாக இருக்கிறாள். வடிவு போனில் காட்டினாள். இரண்டும் நம் உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கின்றன. பையனுக்கு என் மூக்கு.

கேசரி கிண்டலாம் என்று ரவையை எடுத்தேன். கிண்டவில்லை. கிண்டினாலும் யாருக்குக் கொடுப்பது? தபால் கொண்டுவருகிற அம்மாள் வந்தபோது கதவைத் திறந்து நான் தாத்தாவாகிவிட்டேன் என்று சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நல்ல பெண். அவளாவது கேட்டாளே என்று இருந்தது. அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜனவரி 9

வாசல் படியில் பனி உறைந்திருந்தது. படியில் உட்கார்ந்தேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வடிவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 27

கெல்லர் எங்கள் தரப்பு வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அரசாங்கத் தரப்பு வக்கீலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த மனிதர் தினமும் சமைக்கிறார், தானே குளிக்கிறார், தானே உடுத்துகிறார், கோயிலுக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறாராம். எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரி என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தை என் மாமனார்கூடச் சொன்னதில்லை.

கோர்ட்டுக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டேன். வர வேண்டியதில்லையாம். விசாரணை என்று ஒன்றும் கிடையாதாம். நீதிபதி தன் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவாராம். என்னைப் பார்க்காமலா என்றேன். பார்க்காமல்தான் என்றார். என் கையைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுமே என்றேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்.

பிப்ரவரி 18

கோர்ட்டுக்குப் போய்வந்தேன். கெல்லரிடம் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் அந்தக் கட்டடத்தையாவது பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன்.

கோட்டு ஜிப்பைப் பாதி போட்டபடியே வைத்திருக்கிறேன். சட்டை மாதிரி தலை வழியாக மாட்டிக்கொள்வேன். வாசலில் சோதனை. கோட்டைக் கழற்று என்றார் காவலர். கறுப்பு மனிதர், ஆறடிக்கு மேல். தலை வழியாகக் கழற்றப் போனேன், கழுத்து பாதியில் நின்றுவிட்டது. கை இரண்டும் மேலே, முகம் கோட்டுக்குள்ளே. பின்னால் வரிசையில் ஆட்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் என் தலையைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்து, ஜிப்பை இறக்கி, கையை ஒவ்வொன்றாக விடுவித்து, கோட்டைத் தட்டில் போட்டார்.

மாடியில் ஒரு கவுண்டர். என் கேஸ் நம்பரைச் சொன்னேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றாள். நீதிபதி உள்ளே இருக்கிறாரா என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாது என்றாள். நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் போனார்கள், வந்தார்கள். யாராவது எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்லலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். மத்தியானம் வரை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அதே காவலர் கோட்டை மாட்டிவிட்டு, குழந்தைக்குப் போடுவது மாதிரி ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டார். குளிர் அதிகம், பார்த்துப் போ என்றார். வடிவு போன பிறகு என்னைத் தொட்ட ஆள் அவர்தான். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 19

ஒன்றும் இல்லை.

மார்ச் 30

கோமதி அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தைகள் இன்னும் எடை ஏறாமல் சொங்கியாக இருப்பதால் காப்பகத்தில் விட முடியாதாம். அம்மா ஆகஸ்ட் வரை இருக்கட்டும் என்றாள். இருக்கட்டும் என்றேன். அப்பா, நீங்களும் இங்கேயே வந்துவிடுங்கள், எத்தனை நாள் தனியாகக் கிடப்பீர்கள், அவரும் அதைத்தான் சொல்கிறார் என்றாள். மாப்பிள்ளை வேறு போனை வாங்கி, மாடியில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது மாமா என்றான்.

கோர்ட் தீர்ப்பு வரட்டும் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். தீர்ப்பு பாதகமாக வந்தால் அந்த ரூம்தான். பேரன் பேத்தி வளர்ந்து, தாத்தாவுக்கு ஊட்டிவிடு என்று யாராவது சொல்கிற நாள் வரும். அதைப் பார்க்க நான் இருக்கக் கூடாது.

பிறகு வடிவு போனை வாங்கினாள். என்ன குரல் ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள். சளி என்றேன்.

மே 12

ஜெயசீலன் நாலு வாரமாக வரவில்லை, ஊருக்குப் போயிருந்தான். இன்றைக்கு வந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். என்ன அண்ணாச்சி பாதியாகிவிட்டீர்கள் என்றான். டயட் என்றேன். ஏதோ எடுக்கப் போகிறவன் மாதிரி பிரிட்ஜைத் திறந்தான். ஊருக்குப் போகுமுன் அவன் கொண்டுவந்த டப்பாக்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. இரண்டு டப்பாவின் மூடியில் பல் தடம். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்தவன் வீட்டுப் பிரிட்ஜைத் திறக்கிறது என்ன பழக்கம் என்று கத்தினேன். அவன் கத்தவில்லை.

"மூடிய தொறக்க முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன அண்ணாச்சி, தலையில இருக்க கிரீடம் எறங்கிருமா? நான் என்ன அந்நியனா?"

அவன் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, அங்கேயே சோறு வடித்து, ரசம் வைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து புளி அதிகம் என்றேன். தட்டில் பிசைந்து ஸ்பூனைப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிடுகிற வரை வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். இரண்டாம் தரம் வேண்டாம் என்றேன். ஏன், வயிற்றுக்கு என்ன என்றான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

இனிமேல் டப்பாவுக்கு மூடி கிடையாது, மேலே காகிதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 22

தீர்ப்பு வந்துவிட்டது. கெல்லர் போனில் மூச்சு வாங்கப் பேசினார். முழு வெற்றி இல்லை, ஆனால் தோல்வி இல்லை. அலுவலக நீதிபதியின் முடிவு செல்லாது, மறுபடி ஒழுங்காக விசாரி என்று பெடரல் கோர்ட் திருப்பி அனுப்பிவிட்டது.

அதில் ஒரு இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மனுதாரர் சமைப்பதாகச் சொல்கிறார், எப்படிச் சமைக்கிறார், யாருடைய உதவியோடு சமைக்கிறார் என்று யாருமே கேட்கவில்லை, அதைக் கேட்காமல் அவரால் வேலை செய்ய முடியும் என்று எப்படி முடிவு செய்யலாம் என்று பெடரல் கோர்ட் நீதிபதி எழுதியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்காத மனிதர். என் கையைப் பார்க்காதவர். எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு என் அடுப்படிக்குள் வந்து பார்த்திருக்கிறார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னைத்தான் கேட்கிற மாதிரி இருந்தது. நாள் முழுக்க அது போகவில்லை.

மறு விசாரணைக்கு உங்கள் மனைவி சாட்சியாக வர வேண்டும், அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றார் கெல்லர். வடிவிடம் சொன்னேன். நான் என்னத்தைச் சொல்ல, எனக்கு என்ன தெரியும் என்றாள்.

ஆகஸ்ட் 14

வடிவு வந்துவிட்டாள்.

பெட்டியை வைத்த கையோடு என் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். முதுகைத் தடவினாள். குளிப்பாட்டும்போது, ராஜா மாதிரி இருந்தீங்களாக்கும் என்றாள். இரண்டு வேளை சாப்பிட்டேன். அவளும் இளைத்துத்தான் இருக்கிறாள். அங்கே இரண்டு குழந்தை, இங்கே ஒன்று.

பிப்ரவரி 11

இன்றைக்கு மறு விசாரணை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சின்ன அறை. நீண்ட மேஜை. புது நீதிபதி ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். போன தடவை எனக்கே இங்கிலீஷ் வரும் என்று மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கெல்லர் விடவில்லை. மேஜை நடுவில் ஒரு போன், அதற்குள்ளிருந்து எங்கேயோ இருக்கிற ஒரு தமிழ்க்காரன் குரல், மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு.

நேற்று கெல்லர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருந்தார். வடிவு தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

முதலில் என்னைக் கேட்டார்கள். பாத்திரம் தூக்க முடியாது என்றேன். பட்டன் போட முடியாது என்றேன். சமைப்பது நான் அல்ல, என் மனைவி, நான் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணப்பேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். பிறகு நீதிபதியம்மா, கழிப்பறையில் உங்கள் சுத்தத்தை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். போன் அதைத் தமிழில் சொல்லிற்று. பக்கத்தில் வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். நான், ஆமாம், நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுத்து வடிவைக் கேட்டார்கள். உங்கள் கணவர் எதையெல்லாம் தானாகச் செய்வார் என்று நீதிபதியம்மா கேட்டார். வடிவு என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாம் அவரே பாத்துக்கிடுவாரு" என்றாள்.

கெல்லர் பேனாவைக் கீழே வைத்தார். எதையெல்லாம் என்று சொல்ல முடியுமா என்று மறுபடி கேட்டார் அந்த அம்மா. அவரு யாரையும் எதிர்பாக்க மாட்டாரு, ரொம்ப நல்லாப் பாத்துக்கிடுவாரு என்றாள் வடிவு. நேற்று பேசிய பட்டனைக்கூடச் சொல்லவில்லை. நான் முந்தி ஒன்று சொல்லிவிட்டேன், அதற்கு மேல் புருஷனை விட்டுக்கொடுத்துப் பேச அவளுக்கு வராது. அந்நியர் நாலு பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். இதனால் இத்தனை தூரம் வந்ததெல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. என் முறை முடிந்துவிட்டது, பேசக் கூடாது என்று கெல்லர் என் முழங்கையைத் தொட்டார். நான் பேசினேன்.

"அம்மா, இவ பொய் சொல்லுதா. எனக்காகச் சொல்லுதா. நானும் பொய்தான் சொன்னேன். நான் கக்கூசுக்குப் போனா கழுவி விடுறது இவதான். எனக்கு கை பிடிக்காது. இவ மக வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒவ்வொரு வாட்டியும் முழுசாக் குளிக்க வேண்டியதாப் போச்சு. அதனாலதான் ஒரு வேளை சாப்பாட்டோட கெடந்தேன். யார்ட்டயும் சொல்லல. இவகிட்டயும் சொல்லல."

போனில் இருந்த பையன் அதை இங்கிலீஷில் சொன்னான். அவர் சொல்கிறார் என்று சொல்லவில்லை. நான் என்றே சொன்னான். நான் கழிப்பறைக்குப் போனால், எனக்குக் கை பிடிக்காது என்று ஒன்று விடாமல், அவசரப்படாமல் சொன்னான். முகம் தெரியாத ஒருத்தன் எனக்காக அதைச் சுமந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது.

இது உண்மையா என்று நீதிபதியம்மா வடிவைக் கேட்டார். வடிவு ஆமா என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார். ஆபரேசன் பண்ணுனதுல இருந்து என்றாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். போன் தமிழில் சொல்லிற்று.

"உங்களுக்கு யாரு உதவி செய்யிறாங்கம்மா?"

வடிவுக்குப் புரியவில்லை. இவருக்கு நான்தான் என்றாள். இல்லை, உங்களுக்கு என்றது போன்.

"எனக்கா?" என்றாள்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் அழத்தான் பார்த்தாள், வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். என் காய்ச்சல், என் கோபம், என் கழுத்து என்றே போயிருக்கிறது. இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. ஒன்பது மாதம் தனியாகக் கிடந்தேன் என்று இந்தப் போனிடம் எத்தனை அழுகை அழுதிருக்கிறேன். அவள் என் பக்கத்திலேயே தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்று சொல்லி எழுந்தார்கள். பஸ்ஸில் வடிவு, போனில் இருந்த பையன் என்ன நினைத்திருப்பான் என்று மட்டும் கேட்டாள். நினைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

மார்ச் 24

கெல்லர் போன் பண்ணினார். கிடைத்துவிட்டது. வேலையை விட்ட காலத்திலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுப்பார்களாம். வீட்டை விட வேண்டியதில்லை. டாலஸ் போவதென்றால் இனி பேரப் பிள்ளைகளைப் பார்க்கத்தான் போவோம்.

வடிவைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். எனக்குக் காபி நேரமும் தாண்டிவிட்டது. எப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பேன், என்னவோ இன்றைக்கு எழுந்து போய் அறைக்குள் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து சும்மா தலையைச் சாய்த்தவள், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்குகிறாள். பகலில் இவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தூங்கட்டும். எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.